கடலோரத் துறவி: வண்ணமும் வெறுமையும்

கடலைத் தீட்டிய ஓவியம் எழுப்பும் உணர்வு அதன் வண்ணத்தில் தங்கியிருக்கிறதா, பார்ப்பவரின் உள்ளத்திலிருந்து கிளம்புகிறதா என்பது அழகியலுக்கும் சமயத்துக்கும் பொதுவான வினா. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் (1774–1840) 1808 முதல் 1810 வரை தீட்டிய ‘கடலோரத் துறவி’, அவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் படைப்பாகும். அது இன்று பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது.

110 செ.மீ. உயரமும் 171.5 செ.மீ. அகலமும் கொண்ட அந்த ஓவியத்தில் முக்கால் பங்குக்கும் மேல் வானமே நிறைந்திருக்க, அடியில் வெளிறிய மணல்மேடும், இடையில் கரும்பச்சைப் பட்டையாக ஒடுங்கிய கடலும் கிடக்கின்றன. கடலையொட்டிக் கறுத்துக் கவிந்த மூட்டம் மேலே செல்லச் செல்ல வெளுத்து, உச்சியில் நீலமாகிறது. முதுகு காட்டி நிற்கும் துறவியின் கறுத்த அங்கி ஒன்றே அந்தப் பரப்பில் நிமிர்ந்து நிற்பது. மேற்பூச்சுக்கு அடியிலுள்ளதைக் காட்டும் அகச்சிவப்புக் கதிர் ஆய்வு, ஓவியர் முதலில் கப்பல்களை வரைந்து பின்னர் அவற்றை மறைத்துவிட்டதைப் புலப்படுத்தியது. கண் பற்றிக்கொள்ள எதுவும் இருக்கலாகாது என்று அவர் கருதினார் போலும்.

இவ்வெறுமையை இருவகையாகக் கொள்ளலாம். லுத்தரன் மரபில் வளர்ந்த ஃபிரீட்ரிக் அறிந்திருந்த கோசகார்டன் என்னும் போதகர், ரூகன் தீவின் கரையில் மீனவர்களுக்கு மறையுரை ஆற்றியவர். இயற்கையே இறைவனின் வெளிப்பாடு என்னும் அவரது நோக்கில், இவ்வானம் இறைவன் நிறைந்த வெளி. மெய்யியலாளர் இமானுவேல் கான்ட் 1790-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ‘உன்னதம்’, அதாவது கற்பனையால் அளக்க இயலாத பெருமையின் முன் அறிவு தன் எல்லையற்ற தன்மையை உணர்வது, வேறொரு விளக்கத்தைத் தருகிறது. அதன்படி, எல்லையின்மை வானத்தில் இல்லை, அதைக் கண்டு மலைக்கும் மனத்தில் இருக்கிறது.

காலம் இந்த வழக்கில் ஒரு சான்றை அளித்தது. வார்னிஷ், அதாவது ஓவியத்தின் மேல் பூசப்படும் காப்புப் படலம், நாளடைவில் மஞ்சளித்து வானத்தை மங்கச் செய்திருந்தது. 2016-இல் முடிவுற்ற சீரமைப்பில் அது நீக்கப்பட்டதும் மேல்வானின் நீலம் மீண்டும் தெளிந்தது. ஆகவே மங்கலான வானில் முன்பு காணப்பட்ட துயரத்தில் ஒரு பங்கு பழைய பூச்சினால் விளைந்தது. எனினும், படலம் மஞ்சளிக்கும் முன்பே, 1810-இல் ஓவியம் பெர்லினில் காட்சிக்கு வந்தபோதே, எழுத்தாளர் ஹைன்ரிக் ஃபான் கிளைஸ்ட் தாம் நடத்திய நாளிதழில் அதன் முன் எழும் தனிமையையும் தவிப்பையும் பதிவுசெய்திருக்கிறார். அந்தத் தவிப்புக்கு மங்கிய நிறம் மட்டும் காரணமாக இருந்திருந்தால், தெளிந்த நீலத்தின் முன் அது எழுந்திராது.

நீலம் நம்பிக்கை, கருமை மரணம் என்று பொருள் வகுக்கும் விளக்கம் இந்த ஓவியத்துக்குப் போதாது. வண்ணம் உணர்வின் சாயலை மாற்றுகிறது. உணர்வுக்கு இடம் தருவது, கப்பல்கள் அகற்றப்பட்ட அந்த வெளி. அங்கே இறைவன் இருக்கிறாரா என்பதற்கு ஓவியம் விடை சொல்வதில்லை. நம்புபவரும் நம்பாதவரும் துறவியின் முதுகுக்குப் பின்னால் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.