உத்தியோக விருந்தும் வீட்டுச் சாப்பாடும்



"ஆபீஸ் முடிந்த பிறகு மேலதிகாரிகளோடும் கூட வேலை செய்கிறவர்களோடும் விருந்துக்குப் போகாதவனுக்கு உத்தியோகத்தில் உயர்வு இல்லை, போகிறவனுக்கோ வீட்டில் சமாதானம் இல்லை. இதில் எது கடமை, எது பாவம்?" ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிற நம் பங்கு மக்கள், ஆண்களும் பெண்களும், இந்தக் கேள்வியைப் பல விதமாகக் கேட்டு வருகிறார்கள். கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பல குடும்பங்களின் மன அமைதி இதில் அடங்கியிருப்பதால், இந்த வாரம் இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். 2000-ம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது முதல், பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூர், சிறுசேரி வரையில் எத்தனையோ கம்பெனிகள் எழும்பிவிட்டன. நம் பிள்ளைகளுக்கு அவை கௌரவமான பிழைப்பைக் கொடுத்திருக்கின்றன. அதற்காகச் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த வேலைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நியூயார்க் நகரத்தில் காலை 9 மணி அடிக்கும்போது, அவர்களுடைய கோடைக்காலமானால் சென்னையில் மாலை 6.30, குளிர்காலமானால் 7.30. அங்கே அலுவல் தொடங்குகிற வேளையும் இங்கே குடும்ப ஜெபமாலை சொல்லுகிற வேளையும் ஒன்றாயிருக்கின்றன. ஆகையால் மாலைப் பொழுதில் ஒரு பாகத்தை வேலையே எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியதைத்தான் டீம் டின்னர், டீம் அவுட்டிங், வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரிக்கு விருந்து என்று வந்து கேட்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. அதில் ஒரு விருந்துக்கு மூன்று மணி நேரம் போனால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். ஆனால் காலை 8 மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு இரவு 8 மணிக்குத் திரும்புகிற தகப்பன், 9.30-க்குத் தூங்கப் போகிற பிள்ளையோடு மாலையில் இருப்பது ஒன்றரை மணி நேரமே. வாரத்தின் ஐந்து வேலை நாட்களுக்கும் சேர்த்து ஏழரை மணி நேரம். இரண்டு மாலைகள் விருந்துக்குப் போய்விட்டால் அது நாலரை மணி நேரமாகிவிடும். விருந்துக்குக் கொடுக்கிற நேரம் 168-லிருந்து கழிவதில்லை. அந்த ஏழரையிலிருந்தே கழிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே யோசிக்க வேண்டும்.

முதலாவது, மற்றவர்களோடு கூடிப் பழகுவது நல்ல காரியம். நம் ஆண்டவராகிய சேசுநாதர் கானாவூர்க் கலியாணத்துக்குப் போனார். ஆயக்காரராகிய மத்தேயுவின் வீட்டில் பந்தியமர்ந்தார். சக்கேயுவின் வீட்டுக்குத் தாமாகவே விருந்தாளியாகச் சென்றார். இதற்காகப் பரிசேயர் அவரைப் பழித்தும் அவர் விடவில்லை. 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதசாஸ்திரியாகிய அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், மனிதரோடு இனிமையாய்ப் பழகும் குணத்தை நீதி என்னும் புண்ணியத்தைச் சேர்ந்ததாகவே வைத்துப் பேசுகிறார். மனிதன் கூட்டமாய் வாழப் பிறந்தவனாகையால், ஒருவருக்கொருவர் முகமலர்ச்சி காட்டுவதும் ஒரு வகைக் கடனே என்பது அவருடைய கருத்து. அது மட்டுமல்ல, ஒருபோதும் விளையாடாமலும் மற்றவர்களுடைய சந்தோஷத்துக்குத் தடையாகவும் இருக்கிறவனிடத்தில் குற்றம் உண்டு என்றும் அவர் கற்பிக்கிறார். ஆகையால் கூட வேலை செய்கிறவர்களை விட்டு ஒதுங்கி, அதைப் பக்தி என்று எண்ணிக்கொள்ளுகிறவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான்.

இரண்டாவது, உயர்வை விரும்புவதும் தன்னிலே பாவமன்று. தன் திறமைக்குத் தகுந்த பெரிய காரியத்தை நாடுவதை அதே அர்ச்சியசிஷ்டவர் பெருந்தன்மை என்கிற புண்ணியமாக எண்ணுகிறார். தகுதிக்கு மிஞ்சிய மரியாதையைத் தேடுவதும், பிறருடைய நன்மையை நினையாமல் மரியாதையை மரியாதைக்காகவே தேடுவதும் குற்றம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடனின் மாதத் தவணை, வயதான பெற்றோரின் மருந்துச் செலவு, இவைகளுக்காக ஒருவன் புரமோஷனை எதிர்பார்த்தால், அதை லோபம் என்று யாரும் சொல்லக்கூடாது.

அப்படியானால் குற்றம் எங்கே நுழைகிறது? ஒழுங்கு தவறுகிற இடத்திலே நுழைகிறது. நாம் பிறருக்குக் கொடுப்பவைகளில் சில கடன், சில தயவு. கடனைத் தீர்க்காமல் தயவு காட்டுகிறவனை ஊர் உதாரி என்கும். கம்பெனிக்கு நீங்கள் பட்ட கடன் என்ன? ஒப்புக்கொண்ட நேரமும், ஒப்புக்கொண்ட வேலையை உண்மையாய்ச் செய்து முடிப்பதும் ஆகும். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ம் ஆண்டில் வெளியிட்ட ரேரும் நோவாரும் என்னும் நிருபத்தில் தொழிலாளியின் முதல் கடமையாகச் சொன்னது இதுவே. அதோடு, வேலை மனிதனுடைய பலத்துக்கு மிஞ்சக்கூடாது என்று முதலாளிகளையும் எச்சரித்தார். மனைவி மக்களுக்கு நீங்கள் பட்ட கடனோ வேறு வகையானது. அது பீடத்தின் முன்பாக, மெய்விவாகத்தில், வாக்குக் கொடுத்துப் பட்ட கடன். அதைச் சம்பளத்தினால் மாத்திரம் அடைக்க முடியாது. வேலை மனிதனுக்காக இருக்கிறதேயன்றி மனிதன் வேலைக்காக இல்லை என்று பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் 1981-ல் வேலையைப் பற்றி எழுதிய நிருபத்தில் விளக்கியிருக்கிறார்.

"சுவாமி, பிள்ளைகளுக்காகத்தானே போகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். இது நியாயமான வார்த்தையாயிருக்கலாம்; சாக்காகவும் இருக்கலாம். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விருந்து ரத்தாகிவிட்டது என்று செய்தி வருகிற மாலையில் உங்கள் மனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். சீக்கிரம் வீடு போகலாம் என்று மகிழ்ந்தால், நீங்கள் பிள்ளைகளுக்காகத்தான் போகிறீர்கள். வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று சலித்தால், போவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை மனைவியோடு மனம் விட்டுப் பேசுங்கள்; கணவனும் மனைவியும் பேசாமல் போன காரியத்தை எந்த விருந்தும் சரிப்படுத்தாது.

இரண்டு பேரும் வேலை பார்க்கிற வீடுகளில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் டீம் டின்னரில் இருக்கிறபோது, அதே போன்ற கம்பெனியில் அதே போன்ற அழைப்பு வந்த மனைவி, "எனக்கு வர முடியாது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணவன் போகிற விருந்துக்கு அவளே கிரயம் கொடுக்கிறாள். அவள் எவ்வளவு கொடுத்தாள் என்று அவன் ஒரு நாளாவது கேட்டதுண்டா?

"நான் போகாவிட்டால் போகிறவனுக்கு அந்த இடம் கிடைத்துவிடுமே" என்பது அடுத்த ஆட்சேபணை. கிடைக்கலாம். இந்த விஷயத்தில் பொய்யான ஆறுதல் சொல்ல நமக்கு விருப்பமில்லை. கடமையைச் செய்தவனுக்குச் சர்வேசுரன் மறு மாதமே புரமோஷன் தருவார் என்று சுவிசேஷத்தில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. நேர்மையான வழியில் நடக்கிறவன் சில வேளை நஷ்டப்படுவான்; அந்த நஷ்டம் உண்மையான நஷ்டந்தான். ஆனால் அதைத் தகப்பன் ஒருவன் மாத்திரம் சுமப்பது நியாயமன்று. அடுத்த வீட்டுக் காரையும், மைத்துனர் வாங்கிய பிளாட்டையும் சாப்பாட்டு வேளையில் எடுத்துச் சொல்லிக்கொண்டே, "நீங்கள் ஏன் வீட்டில் இருப்பதில்லை?" என்று கேட்கிற குடும்பம் ஒரே மனிதனை இரண்டு பக்கமும் இழுக்கிறது. காய்மகாரம் வீட்டில் குடியிருந்தால் தகப்பன் வீட்டில் குடியிருக்க முடியாது. அவர் கொஞ்சம் குறைவாகச் சம்பாதித்தாலும் போதும் என்று மனைவியும் பெரிய பிள்ளைகளும் மனதார ஒப்புக்கொண்டு, அதை வாய் திறந்து சொல்லவும் வேண்டும்.

இனி, நம் பங்கில் மேனேஜராகவும் அதற்கு மேலான பதவியிலும் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதவியையும் உயர்வையும் பங்கிட்டுக் கொடுக்கிறவன், தகுதியைப் பாராமல் ஆளைப் பார்த்துக் கொடுத்தால், அதற்கு முகத்தாட்சணியம் என்று பெயர். அது நீதிக்கு விரோதமான பாவம். உங்களோடு இரவு பத்து மணி வரை உட்கார்ந்து சிரித்தவனை உங்களுக்கு நன்றாய்த் தெரியும். ஆறு மணிக்குக் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடுகிற தாயை உங்களுக்குத் தெரியாது. அவளுடைய வேலை குறைவற்றதாயிருந்தும், பெயர் சொல்ல வேண்டிய நேரத்தில் தெரிந்தவனுடைய பெயரே உங்கள் வாயில் வரும். ஒருவரும் அவளுக்குத் தீங்கு நினைக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு அநியாயம் நடந்துவிட்டது. ஆகையால் யாருக்கு எந்த வேலை என்பதை விருந்து மேஜையில் தீர்மானிக்காதிருங்கள். கூடி உண்பதைப் பகல் சாப்பாட்டு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். வராதவரிடம் காரணம் கேட்காதிருங்கள்.

கடைசியாக, அனுசரிக்கத்தக்க சில தீர்மானங்கள்:

1. ஞாயிறு பூசைக்குப் பிறகு கணவனும் மனைவியும் உட்கார்ந்து, வரும் வாரத்தில் எந்த மாலைகள் வீட்டுக்கு உரியவை என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாலைகளில் அழைப்பு வந்தால், "வீட்டில் வேலை இருக்கிறது" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். அது பொய்யல்ல.

2. போக வேண்டிய விருந்துக்குப் போங்கள். ஒரு மணி நேரம் இருந்து, எல்லாரோடும் இரண்டு வார்த்தை பேசி, விடை பெற்று வாருங்கள். மதுவுக்கும் அசுத்தப் பேச்சுக்கும் புறணிக்கும் மட்டசனம் என்கிற புண்ணியமே காவல்.

3. கூட வேலை செய்கிறவர் வியாதியாய்க் கிடந்தாலும், அவர் வீட்டில் மரணம் நேர்ந்தாலும், நேரக் கணக்குப் பாராமல் போங்கள். கூடுமானால் குடும்பத்தோடு போங்கள். இலாபம் இல்லாத இடத்தில்தான் சிநேகம் இன்னதென்று தெரியும்.

4. வீட்டில் இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரத்தில் செல்போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1955-ம் ஆண்டில், மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளராகிய அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். அந்தப் பெரிய பிதாப்பிதா பேசிய ஒரு வார்த்தையாகிலும் சுவிசேஷங்களில் எழுதப்படவில்லை. ஆனால் ஊரார் சேசுநாதரைத் தச்சனுடைய மகன் என்று சொன்னது எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரே பேரில் அவருடைய தொழிலும் இருக்கிறது, அவருடைய பிள்ளையும் இருக்கிறார். உழைக்கிற நம் தாய் தகப்பன்மார் அனைவருக்காகவும் இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஜெபமாலையின் முடிவில் அவரை நோக்கி ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமும் சொல்லுங்கள். முடிந்தால் எல்லாரும் வீட்டில் இருக்கிற மாலையில் சொல்லுங்கள்.

சேசுவுக்குள் உங்கள் அன்புள்ள,
பங்குக் குரு