தாங்குதிறன்

சுற்றுலாத் திட்டங்களில் ‘தாங்குதிறன்’ என்று ஒரு சொல் வரும். ஓர் இடத்தின் நீரும் மண்ணும் காற்றும் கெடாமல் அங்கே ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்துபோகலாம் என்கிற கணக்கு அது. சொல்லின் பூர்வீகம் மேய்ச்சல் நிலம். ஒரு புல்வெளியில் எத்தனை மாடு மேய்ந்தால் அடுத்த பருவத்தில் புல் மறுபடி முளைக்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கைப் பிறகு தேசியப் பூங்காக்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கடற்கரைக்கும் மலைவாசத் தலத்துக்கும் கோயில் நகரத்துக்கும் அது வந்துசேர்ந்தது. மாட்டின் இடத்தில் பயணியை வைத்தாயிற்று. புல்லின் இடத்தில் யார் என்பதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை.

‘தாங்கு’ என்ற வினைச்சொல் நமக்குப் புதிதில்லை. பூமாதேவி மாதிரி தாங்க வேண்டும், பொறுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனாலோ என்னவோ, திட்ட அறிக்கைகளில் இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எழுவாய் எங்கே என்று தேடுகிறேன். ‘இடம் தாங்கும்’ என்று எழுதியிருக்கும். இடம் தானாகப் பெருக்கிக்கொள்வதில்லை, தண்ணீர் பிடித்து வைப்பதில்லை, வந்தவருக்குச் சோறு வடிப்பதில்லை.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமானது. மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது. 2025 கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு வைத்தார்கள். தேவையான உத்தரவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணியது வாகனங்களை. அவற்றில் வந்தவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைத்த கைகள் எத்தனை, அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரிகளின் வீட்டில் அந்த வாரம் தண்ணீர் வந்ததா என்பது அந்த எண்களுக்குள் இல்லை.

இந்தக் கேள்வியை நான் விருத்தாசலத்தில் வைத்து யோசிப்பதற்குக் காரணம், அது இன்னும் ‘சுற்றுலாத் தலம்’ ஆகவில்லை என்பதே. பெரும்பாலோருக்கு அது ஒரு ஜங்ஷன். விழுப்புரம்–திருச்சி பாதையும் கடலூர்–சேலம் பாதையும் கூடுகிற இடம். வண்டி மாறுகிற இடம். ஒரு சுற்றுலாத் தலத்தின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் 1980-ல் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். முதலில் ஒன்றிரண்டு பேர் தேடி வருவார்கள். ஊர்க்காரர்கள் கடை போடுவார்கள், அறை வாடகைக்கு விடுவார்கள். அடுத்து வெளியூர்ப் பணம் இறங்கும். கூட்டம் பெருகும், தேங்கும். அதன்பின் சரியும், அல்லது ஏதோ ஒரு வழியில் புதுப்பித்துக்கொள்ளும். வெளிப்பணம் இறங்குகிற கட்டத்தில்தான் ஊர்க்காரர்களின் பிடி நழுவுகிறது என்று அவர் அப்போதே குறித்திருக்கிறார். அப்படியானால் கேட்க வேண்டியதை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மாமல்லபுரத்தில் கேட்க நேரம் தாண்டிவிட்டது. விருத்தாசலத்தில் இன்னும் தாண்டவில்லை.

ஏனென்றால் திட்டம் ஒருநாள் வரும். 2023-ல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை ஆன்மிகம், பாரம்பரியம், கிராமியம் என்று பல கூடைகள் வைத்திருக்கிறது. விருத்தாசலத்தை எந்தக் கூடையிலும் போடலாம். திருமுதுகுன்றம் என்று தேவார மூவரும் பாடிய ஊர் அது. பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக எழுப்பியவர் பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி செம்பியன் மாதேவி. கணவரை இழந்தபின் கோயில் கோயிலாகக் கல்லில் கட்டிக்கொண்டே போன பெண் அவர். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் கூட்டம் கூடும். பக்கத்திலேயே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. பிறகு செராமிக். நூல் பிடித்தாற்போல் ஒரு நாள் பயணத்துக்கான பட்டியல் தயார்: காலையில் கோயில், மதியம் பொம்மைப் பட்டறை, மாலை ரயில்.

அந்த மதிய நிகழ்ச்சிதான் என்னை நிறுத்துகிறது.

விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையில் சிறு சிறு பட்டறைகள். மின்சாரத்துக்கான பீங்கான் சாமான்கள் ஒருபுறம், கொலு பொம்மைகளும் அலங்காரப் பொருட்களும் இன்னொருபுறம். பொம்மை வேலையை ஒருமுறை நின்று பார்த்தால் அது எத்தனை பேர் கை மாறுகிறது என்று தெரியும். களிமண்ணோடு மற்றப் பொடிகளைக் கலந்து கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, உட்சுவரில் ஒரு தோல் படியும். மிச்சக் கூழை வெளியே கவிழ்த்துவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரிப்பார்கள். அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் பொம்மையின் முதுகிலும் தோளிலும் ஒரு பிசிறு ஓடியிருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளைக்கு அனுப்பி, வண்ணம் தீட்டி, மெருகு பூசி, மறுபடி சூட்டுக்கு. நான் போன பட்டறையில் பிசிறு சுரண்டுவதும் துடைப்பதும் வண்ணம் வைப்பதும் பெண்கள். சூளையடியில் ஆண்கள். சுரண்டும்போது எழுகிற பொடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. அதில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரலில் தழும்பு விழும். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வதுதான் நான் பார்த்த பாதுகாப்பு.

பயணிகள் இங்கே வந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று கண் எழுதிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன். தலை நிமிராமலேயே, “வரட்டும், வாங்கிட்டுப் போனா நல்லதுதானே” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கேள்வி கேட்டுக்கிட்டு நின்னாத்தான் கஷ்டம். இது எண்ணிக்கைக் கூலிம்மா” என்றார்.

அவர் என்னையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்தப் பதிலுக்குள் ஒரு முழுத் திட்ட அறிக்கைக்கான வேலை இருக்கிறது. வாங்க வருகிறவர் வேறு, பார்க்க வருகிறவர் வேறு. சுற்றுலா முதலில் கொண்டுவருவது பார்க்க வருகிறவரை. அவருக்குக் கைவினை என்பது பொருள் அல்ல, காட்சி. குனிந்த கழுத்து, மண் படிந்த விரல், தூரிகை நுனி எல்லாம் படத்துக்கு அழகாக இருக்கும். அந்தக் காட்சிக்கு யாருக்குக் கூலி? நுழைவுச்சீட்டு வைத்தால் பணம் பட்டறை முதலாளிக்கோ ஏற்பாட்டாளருக்கோ போகும். பார்க்கப்படுகிறவளுக்கு அன்றைக்குப் பொம்மை எண்ணிக்கை குறையும். தன் வேலையைக் காட்டியதற்காக அவள் சம்பளத்தை இழப்பாள். பார்க்கப்படுவதும் ஒரு வேலைதான் என்று பெண்ணியம் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. சிந்தியா என்லோ 1989-ல் ‘பனானாஸ், பீச்சஸ் அண்ட் பேஸஸ்’ நூலில் உலக அரசியலைப் பேசப் புகுந்து, சுற்றுலாவுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியதும் இதனால்தான். ஓட்டல் அறையைத் துடைக்கிற பெண்ணின் மலிவான கூலி இல்லாமல் எந்த நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கும் நிமிராது.

விருந்தோம்பலைப் பற்றி விருத்தாசலத்துக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. குரு நமசிவாயர் சிதம்பரத்துக்குப் போகிற வழியில் இங்கே தங்குகிறார். பசி. அம்மனின் பெயர் விருத்தாம்பிகை, மூத்தவள். அவளைக் கிழத்தி என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடுகிறார். அவள் மூதாட்டியாக வந்து, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும், இளமையாகப் பாடு என்கிறாள். அவர் மாற்றிப் பாட, இளம்பெண்ணாக வந்து பரிமாறுகிறாள். பாலாம்பிகை சந்நிதிக்குச் சொல்லப்படும் கதை இது. பக்தியோடு கேட்டால் இனிமையான கதைதான். எனக்கு அதில் தட்டுப்படுவது, வழிப்போக்கர் பசித்து வந்ததும் ஒரு பெண் சமைக்க வேண்டியிருக்கிறது என்பது. அவள் மலையளவு மூத்தவளாக இருந்தாலும் பரிமாற இளமையாக மாற வேண்டியிருக்கிறது என்பது. இன்றைய ஓட்டல் வரவேற்பு மேசையில் யார் நிற்கிறார்கள், பின்கட்டில் பாத்திரத்தோடு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆனால் அந்தக் கிழவி ஒன்று செய்தாள்: இந்த உடம்போடு என்னால் முடியாது என்று வாய்விட்டுச் சொன்னாள். தன் தாங்குதிறனைத் தானே அறிவித்தாள். நம் திட்டங்களில் அந்த வசனத்துக்கு இடமே கிடையாது.

பணம் எங்கே போகும் என்பதற்கும் இவ்வூரிலேயே கதை கிடைக்கிறது. சுந்தரர் இங்கே பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. குளத்தில் இறங்கித் தேடுகிறவரைப் பார்த்து, ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறீரே என்று கேட்டுச் சிரித்தவர் பரவையார். சுற்றுலாப் பொருளாதாரத்தில் இதற்குக் கசிவு என்று பெயர். பயணி செலவழிப்பது ஓர் ஊரில். அந்தப் பணம் மேலெழும்புவது வேன் கம்பெனி இருக்கிற நகரத்தில், அறை பதிவு செய்யும் செயலியின் கணக்கில், கோயில் வாசலில் விற்கிற பிளாஸ்டிக் பொம்மை வந்த ஊரில். மணிமுத்தாற்றின் கரைக்கு மிஞ்சுவது தண்ணீர் பாட்டில். ஆண்டின் பெரும்பகுதி நீரில்லாமல் கிடக்கும் ஆறு அது. போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அக்கா வரட்டும் என்றுதான் சொன்னார். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் பட்டறை மூச்சுத் திணறும், பிறகு ஓய்ந்துவிடும். மாசியில் வருகிற கூட்டம் பொம்மை வாங்கினால் அந்த ஓய்ந்த மாதங்களுக்குக் கூலி கிடைக்கும். கேரளத்தில் குமரகத்தில் 2008-ல் பொறுப்புச் சுற்றுலா என்று தொடங்கியபோது குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகக் காய்கறி விளைவித்து ஓட்டல்களுக்குக் கொடுத்தார்கள். விலையைக் கூடிப் பேசி முடிவுசெய்யும் ஏற்பாடும் அங்கே இருந்தது. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெண்கள் அங்கே காட்சியாக நிற்கவில்லை, விற்கிறவர்களாக நின்றார்கள். விலை பேசுகிற இடத்தில் இருந்தார்கள். விருத்தாசலத்தில் பொம்மைக்கு விலை சொல்கிற மேசையில் அதற்குக் கண் எழுதியவளைப் பார்க்க முடிகிறதா?

இதே கோயிலில் வன்னி மரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையைக் கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைப்பின் அளவுக்கு அது பொற்காசாக மாறுமாம். உழைப்பை அளக்க ஓர் இலைக்குத் தெரிந்திருக்கிறது.

நிலைத்த சுற்றுலாத் திட்டம் என்று ஒன்றை விருத்தாசலத்துக்கு வரைகிறவர்கள் வாகன நிறுத்துமிடத்திலிருந்து தொடங்குவார்கள், அது வழக்கம். நான் கேட்பது வேறு பட்டியல். மாசி மகத்தன்று கூட்டத்துக்காக வைக்கும் கழிப்பறைகளை மறுநாள் கழுவப்போகிறவர் யார், என்ன கூலி, என்ன கையுறை? விடுதிகளுக்கு லாரித் தண்ணீர் போகும் நாளில் தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும்? பொடி பறக்கிற அறையில் பயணி பத்து நிமிடம் நிற்பதற்கு முகக்கவசம் தருவீர்கள். அங்கேயே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு? பார்வையாளர் வந்துபோகிற நேரத்துக்கு எண்ணிக்கைக் கூலி போக நேரக் கூலி உண்டா? வேண்டாம், இன்றைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்ல அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அதிகாரம் உண்டா?

இந்தக் கேள்விகளைப் பெண்களிடம் கொண்டுபோனால் அவர்கள் பேசமாட்டார்கள், அவர்களுக்குத் திட்டம் புரியாது என்று சொல்பவர்கள் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே பிராது கட்டுவது வழக்கம். தன் குறையைத் தாளில் மனுவாக எழுதி முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டுப் போவார்கள். காணாமல் போன நகை, கொடுத்துத் திரும்பாத கடன், வீட்டுக்கு வராத கணவன் என்று எல்லா வழக்கும் அங்கே வரும். தன் குறையை யார் மேல், எப்போது, எவ்வளவு என்று எழுதத் தெரிந்தவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். அந்தத் தாளை வாங்கிக்கொள்ள இதுவரை சாமி மட்டும்தான் இருந்திருக்கிறார்.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்று வைத்தால் அது வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு இருக்கும். அப்போது பட்டறையில் கூழ் ஊற்றுகிற நேரம். மாலை ஆறு மணிக்கு வைத்தால் வீட்டில் உலை வைக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு வாரத் துணி ஊறிக்கொண்டிருக்கும். பதினோரு மணிக்கே வையுங்கள், பட்டறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், வருகிற ஒவ்வொருவருக்கும் அரைநாள் கூலியைத் திட்டச் செலவில் எழுதிவிட்டு வையுங்கள்.