கடந்து போகிறவனுக்கும் கடன் உண்டா?



வேலை ஒன்றும் இல்லாமல், வெறும் இன்பத்துக்காகச் சைக்கிள் ஓடுவது சரியா? கேள்வி உங்களுக்குச் சிரிப்பாகத் தோன்றலாம். ஆயின் கல்முனைப் பக்கத்து இளைஞர் ஒருவர் இதனை மெய்யான மனவருத்தத்தோடு கேட்டார். வயல்களை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால் வீதிகளில் விடியற்காலையில் இப்போது இருவகைத் துவிச்சக்கரவண்டிகளைக் காணலாம். ஒன்று, பின்னால் மீன்பெட்டியோ விறகுக்கட்டோ ஏற்றிய பழைய வண்டி. மற்றது, தலைக்கவசமும் ஒட்டிய காற்சட்டையும் அணிந்த உத்தியோகத்தர் ஒருவர் உடல்நலத்துக்காகவும் மனமகிழ்ச்சிக்காகவும் ஓடும் புதிய வண்டி. “சுவாமி, என் அப்பா முப்பது வருடம் மீன்பெட்டியோடு உழக்கினார். அவருக்கு அது தண்டனை. இவர்களுக்கு அது விளையாட்டு. இது ஏழையைக் கேலிபண்ணுவது ஆகாதா?” என்பது அவரது கேள்வி.

முதற்பாதிக்கு விடை எளிது. விளையாட்டுப் பாவமன்று. புனித தோமஸ் அக்குவினாஸ் தமது பெருநூலில் இதனைத் தனியாகவே ஆராய்கிறார். சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்த அருளப்பரைக் கண்டு சிலர் இடறலுற்றனராம். அவர் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து அம்பு எய்யச் சொன்னார். மேலும் மேலும் எய்யச் சொல்லிவிட்டு, ஓயாமல் இப்படியே எய்வாயா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அப்படியே என்றார் அருளப்பர். இப்பழங்கதையை எடுத்துக்காட்டும் அக்குவினாஸ் இன்னும் ஒருபடி மேலே போய், மகிழ்ச்சியே அற்றவனாய்ப் பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பவன் குற்றவாளி என்கிறார். நம் ஞாயிறு முகங்களைப் பார்த்தால் இப்பகுதியை நம்மில் அதிகம் பேர் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, லாந்து மாவட்டத்துக் கிராமப்புறத்தில், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய சிற்றாலயத்தை 1959இல் ஜோசப் மாசி என்ற பங்குக்குரு சைக்கிளோட்டிகளின் அன்னைக்கு ஒப்புக்கொடுத்தார். பந்தய வீரர்களின் மேற்சட்டைகள் இன்றும் அதன் சுவர்களை நிறைத்துத் தொங்குகின்றன. அந்நாட்டில் அமைதியான வயல்வெளிகளூடும் நீர்க்கரைகளிலும் நாட்கணக்காகச் சைக்கிள் ஓடுவது குடும்பங்களின் விடுமுறை இன்பம். அவ்வாறு ஓடும் பாதைகளில் புகழ்பெற்ற ஒன்று, துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல்வரை 240 கிலோ மீற்றர் நீளும் மிடி வாய்க்காலின் கரை. 1666இல் வெட்டத் தொடங்கி 1681இல் திறந்தார்கள். பணத்தையும் உயிரையும் அதிலே செலவழித்த ரிக்கே என்பவர், அது திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்குமுன் கண்மூடினார். இன்று சைக்கிள்கள் ஓடும் அக்கரையில் முன்பு குதிரைகள் படகுகளைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு நடந்தன. இளைப்பாறுகிறவனின் பாதை, வேர்வை சிந்தியவன் போட்டுவைத்த பாதை. அங்கே படகிழுத்த குதிரையும் குதிரைக்காரனும் மறைந்துபோய்விட்டபடியால் சங்கடமில்லை. நமது வாய்க்கால் வீதியில் இருவரும் ஒரே வேளையில் எதிரெதிரே வருகிறார்கள். அந்த இளைஞரை உறுத்தியது இதுவே.

ஆகவே அவரது கேள்வியின் மறுபாதியை இப்படி மாற்றிக் கேட்கலாம். ஒரு பாதையில் நமக்கு அலுவல் எதுவும் இல்லை. கடந்து போகிறோம், அவ்வளவுதான். அப்பாதையோரத்து மனிதருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீங்கள் போயிருப்பீர்கள். மருதமுனை முஸ்லிம் ஊர். அடுத்தது பாண்டிருப்பு, தமிழ் ஊர். கல்முனை நகரம் கடந்தால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, பின் சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த காரைதீவு, அடுத்து நிந்தவூர். எல்லையை ஒரு மதகோ, ஒரு ஒழுங்கையோதான் காட்டும். பேசும் மொழி ஒன்று, உண்ணும் சோறு ஒரே வட்டையில் விளைந்தது. வாகனத்தில் போனால் ஓர் ஊர் இரண்டு நிமிடம். கண்ணாடியை ஏற்றி விட்டால் அதுவும் படம்போல் ஓடிவிடும். சைக்கிளில் போகிறவனுக்கு மருதமுனையின் உள்வீதிகளில் கைத்தறிச் சத்தம் கேட்கும். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் மணி கேட்கும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் நாட்களில், கூட்டத்தில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். டியூபில் காற்றுப் போனால், எந்த ஊரில் போனதோ அந்த ஊர்க்காரர்தான் ஒட்டுப்போட வேண்டும்.

வேகத்தைப்பற்றி 1970ஆம் ஆண்டுகளில் கடுமையாக எழுதியவர் இவான் இலிச். குருவாக அபிஷேகம் பெற்றுப் பின்னர் அப்பணியிலிருந்து விலகிய சிந்தனையாளர். அமெரிக்கர் ஒருவர் தம் காரில் செலவிடும் நேரத்தோடு, அந்தக் காருக்காக உழைக்கும் நேரத்தையும் சேர்த்து அவர் கணக்கிட்டார். வருடம் 1600 மணித்தியாலங்கள். போகும் தூரம் 7500 மைல். அதாவது மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு, ஏறக்குறைய நடை வேகம்! சைக்கிளின் வேகத்தைத் தாண்டியதும் ஒருவன் மிச்சம்பிடிக்கும் நேரம் வேறொருவனிடமிருந்து எடுத்ததாகவே இருக்கும் என்பது அவரது வாதம். சற்று மிகைதான். நோயாளியை மட்டக்களப்பு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நாம் சைக்கிளைத் தேடுவதில்லை.

மேலும், மெதுவாகப் போனால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. 1990ஆம் ஆண்டு ஆவணியை நினைத்துப்பாருங்கள். காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். சில நாட்களுக்குள் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அன்று இக்கரையில் எல்லோரிடமும் இருந்தது சைக்கிள்தான். ஒருவர் வாசலை ஒருவர் தினமும் மெதுவாகவே கடந்து போனார்கள். அது எவரையும் காப்பாற்றவில்லை. நல்ல சமாரியன் உவமையிலும், அடிபட்டவனை முதலில் கடந்து சென்ற குரு விரைந்து போனதாக எழுதப்படவில்லை. கண்டான், விலகிப்போனான் என்பதே அவன்மேல் உள்ள குற்றம்.

அப்படியாயின் மெதுவில் என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று: அது நம்மிடமிருந்து ஒரு சாட்டைப் பறித்துவிடுகிறது. “நான் பார்க்கவில்லை” என்று சொல்ல முடியாது. பார்த்தபின் செய்வது நமது சுதந்திரம். ஆனால் பார்க்கவில்லை என்ற பாதுகாப்பு போய்விட்டது.

2019 உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின் நம்மவர் பலர் இவ்வீதியில் எப்படிப் போனார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சாய்ந்தமருது தாண்டும்வரை பேசாமல் போனவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நான் பாவம் என்று சொல்லமாட்டேன்; பிள்ளைகளைப் புதைத்தவர்களின் அச்சம் அது. ஆனால் கண்ணாடிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாமற்போன ஒரு செய்தியும் உண்டு. அவ்வாண்டு ஏப்பிரல் 26இல் சாய்ந்தமருதில் குண்டுகளோடு ஒரு வீட்டில் பதுங்கியிருந்தவர்கள்மேல் ஐயங்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. தம் ஒழுங்கையில் நடப்பதை உற்றுப் பார்த்தவர்கள் அவர்கள். நாமோ அவர்களைப் பார்க்க அஞ்சினோம்.

சைக்கிளையும் பார்வையையும்பற்றிப் பேசும்போது ஜீனோ பார்தாலியை விட்டுவிட முடியாது. 1938இலும் 1948இலும் பிரான்சைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தை வென்ற இத்தாலியர், பக்தியுள்ள கத்தோலிக்கர். போர்க்காலத்தில் புளோரன்ஸ் பேராயர் கர்தினால் டல்லா கோஸ்தாவின் வேண்டுகோளின்படி, யூதரைக் காப்பாற்றுவதற்கான போலி ஆவணங்களைப் பயிற்சிக்குப் போகிறவர்போல் சைக்கிளில் கொண்டுசென்றார் என்று யூதர்களின் நினைவு நிலையமான யாத் வாஷேம் 2013இல் அவரைக் கௌரவித்தது. அப்போது அவர் இறந்து 13 ஆண்டுகள். உலகத்தின் கண்ணுக்கு அது வெறும் பொழுதுபோக்கு ஓட்டம். வழியோரத்துப் பிறமதத்தவன் தனக்கு யார் என்ற கேள்விக்கு அவர் மிதித்தே விடை சொன்னார்.

இனி, வீதியைவிட்டு வாய்க்காலுக்கு வருவோம். நீரோரமாக ஓடுகிறவனுக்கு இன்னொன்றும் தெரியவரும்: தண்ணீர் எங்கிருந்து யாரைக் கடந்து வருகிறது என்பது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்த கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அதன் வாய்க்கால்களின் தலைப்பில் சிங்களக் குடியேற்றங்கள். கடைசியில் தமிழ், முஸ்லிம் வயல்கள். தலைப்பில் திறந்துவிட்டால் கடைசியில் வரட்சி. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இடதுகரையில் விவசாயிகள் சிறுசிறு குழுக்களாகக் கூடித் தண்ணீரை மிச்சம்பிடித்துக் கீழே விட முன்வந்தார்கள். நாடு இனக்கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. கோர்ணல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொப் இவ்வனுபவத்தை 1992இல் ஒரு நூலாகவே எழுதினார். அக்குழுக்களை அமைக்க வந்த ஊழியர்களுக்கும் இதில் பங்குண்டு. கடைசி வயலைக் கண்ணால் கண்டவனுக்கு மதகை மூடாமல் விடுவது கடினம்.

தண்ணீர் மிஞ்சும் காலமும் உண்டு. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் வீதியிலிருந்து அடித்துச் சென்றது. பிள்ளைகள் மாண்டனர். நல்ல நாட்களில் சைக்கிளோட்டிகள் நின்று வெண்கொக்குகளைப் பார்க்கும் வெளி அது. அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவன் அந்த வீதி எவ்வளவு தாழ்வு என்பதைக் கவனித்தானா?

2022இல் எரிபொருள் நின்றபோது வைத்தியரும் ஆசிரியரும் எழுதுநரும் குருக்களும் சைக்கிளில் ஏறினார்கள். விலை பன்மடங்காகியும் கடைகளில் சைக்கிள் கிடைக்கவில்லை. அச்சில மாதங்களில் இக்கரையில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கூடியது. எரிபொருள் வந்தது, வண்டிகள் சுவரோரம் போயின. பாடசாலைக்குச் சைக்கிளில் போகும் நம் பெண்பிள்ளை, படிப்பு முடிந்ததும் ஏன் அதிலிருந்து இறங்கிவிடுகிறாள் என்பதையும் பெற்றோர் ஒருநாள் பேசிப் பார்க்கலாம். இன்பத்துக்காக ஓடுகிறவர்களில் பெண்களைக் காண்பது அரிது.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில், தலைக்கவசக்காரர் ஓடட்டும் என்பதே. அப்பாவின் வேர்வைக்கு அதனால் இழுக்கில்லை. ஆனால் அவர் கடன்பட்டவராகவே ஓடுகிறார், அதில் ஐயமில்லை. பாதையை அவர் போடவில்லை, மதகை அவர் காக்கவில்லை. கடனை எப்படி அடைப்பது என்றால், மிகச் சிறிய இடத்திலிருந்து தொடங்கலாம். மீன் வியாபாரிகளில் அநேகர் இன்று மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். மாற வசதியற்ற சிலர் இன்னும் உழக்குகிறார்கள். ஒடுங்கிய வாய்க்கால் வீதியில் இருவரும் எதிர்ப்பட்டால் யார் இறங்கி ஒதுங்குவது? மணியை யார் முதலில் அடித்தார் என்பதல்ல கணக்கு. பெட்டி கட்டிய வண்டியை ஒருமுறை நிறுத்திவிட்டால், சரிந்துவிடாமல் பிடித்து மறுபடி ஏறி மிதிப்பதற்குள் முழங்கால் நடுங்கிவிடும்; ஐஸ் வேறு உருகிக்கொண்டிருக்கும். ஏழு மணிக்குமுன் அவர் சம்மாந்துறை போய்ச்சேர வேண்டும்.