திண்ணை இருந்த இடம்

கல்லிடைக்குறிச்சியின் அக்ரஹாரத் தெருக்களில் இப்போது நடந்து போனால், ஓட்டுச் சரிவும் அழி போட்ட திண்ணையும் உள்ள வீடுகளுக்கு நடுவே, கட்டின பல் மாதிரி, கான்கிரீட் முகப்பும் இரும்புக் கேட்டும் வைத்த வீடுகள் தென்படும். பார்த்ததும் மனசில் ஏதோ இடறுகிறது. இந்த இடறலுக்கு எனக்கு உரிமை உண்டா என்பதே என் கேள்வி. ரசனைப் பிரச்னை போலத் தோன்றினாலும் இது ஒழுக்கம் சம்பந்தப்பட்டது.

எங்கள் வீடு அந்த வரிசையில்தான் இருந்தது. விற்றவன் நான். பத்திரம் பதிந்த அன்று வாங்கியவரிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் வாசல்படி ஏறி, ரேழி, பட்டகசாலை, முற்றம், அடுப்பங்கரை எல்லாம் தாண்டிக் கொல்லைக் கதவில் போய் நின்றார். "எங்கப்பா இந்தக் கதவு வரைக்குந்தான் வந்திருக்காவ" என்றார். குரலில் கோபமில்லை. எங்களுக்குக் குத்தகை நெல் அளந்தவர் அவருடைய தகப்பனார். மறு வருஷம் திண்ணை இடிபட்டது. மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதில் ஒரு பழிதீர்த்தலைக் கண்டது என் கற்பனையின் சுகம்.

தெருவின் அழகுக்குச் சோறு போட்டவை கன்னடியன் கால் பாய்ந்த வயல்கள். உழுதவன் வேறு ஆள். வழிப்போக்கன் தலை சாய்க்கத் திண்ணை என்று பெருமையாகச் சொல்வோம். எந்த வழிப்போக்கன் என்று சொல்வதில்லை. இதே ஆற்றின் கரையில், கிழக்கே சேரன்மகாதேவியில், வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் போட்ட தனிப்பந்தி 1920களில் தமிழ்நாட்டையே உலுக்கியது. பிறகு 1955இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1961இல் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்த உச்சவரம்பு 1970இல் பதினைந்தாகக் குறைந்தது. பையன்கள் அதற்கு முன்பே செங்கோட்டை ரயிலில் ஏறி நெல்லைக்கும் அப்பாலும் போயிருந்தார்கள். நெல் வராத வீட்டில் குதிர் எதற்கு?

ஆகவே அந்த அழகே பொய், சுரண்டலின் பூச்சு என்கிறார்கள் சில நண்பர்கள். இந்தச் சுலபமான தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. தனக்கு உரிய மண்ணில் இரண்டு முழத்தைத் தெருவுக்கு விட்டுக்கொடுப்பது, வீடும் அல்லாத தெருவும் அல்லாத ஒரு நிழலை உண்டாக்குவது, ஒரு யோசனை. மனிதன் கண்ட நல்ல யோசனைகளில் ஒன்று. யார் உட்காரலாம் என்ற சட்டம் திண்ணையின் அகலத்தில் இல்லை, உட்கார்ந்திருந்தவர்களிடம் இருந்தது. எல்லோருக்கும் அதைத் திறந்திருக்கலாம். திறப்பதற்கு முன் நாங்கள் ஊரை விட்டுப் போனோம். அதன் பின் அது இடிந்தது. இந்த வரிசைதான் எனக்கு வலிக்கிறது.

இங்கிலாந்தில் லேக்காக் என்ற கிராமம் 1944இல் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. வீட்டு முகப்புகள் மாறாமல் நிற்கின்றன. சினிமாக்காரர்கள் வந்து பழைய காலத்தைப் படம் பிடித்துப் போகிறார்கள். இங்கும் அப்படிச் செய்யலாமே என்பவர்கள் உண்டு. அப்பனை வாசலில் ஏற்றாத வீட்டை, வருஷத்துக்கு மூன்று நாள் வரும் என் கண்ணுக்காக அப்படியே வைத்திரு என்று அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஊர்க் குலசேகரமுடையார் கோயிலில் 1982இல் களவு போன நடராஜர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடத்தில் இருந்து 2019இல் திரும்பி வந்தார். எங்கள் பட்டகசாலைத் தூண்கள் களவு போகவில்லை. விலை பேசும்போதே அவற்றைத் தனியாகப் பிரித்து, மரவியாபாரியிடம் கனஅடிக் கணக்கில் விற்று, பணத்தை எண்ணி வாங்கினேன்.

போன சித்திரையில் அந்தப் பக்கம் போனேன். வாங்கியவரின் தாயார் கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடிய பலகைக்கல்லின் மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வெக்கை தாங்கவில்லை என்றார்.