கொடுத்துவிடத்தான் செய்தது

திருவண்ணாமலைக்காரர்களுக்கு டேனிஷ் மிஷன் என்றால் பள்ளிக்கூடம். அந்த 'டேனிஷ்' எந்த நாட்டுச் சங்கதி என்று நின்று யோசித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். டிசம்பர் விடுமுறைக்கு அண்ணனின் பேத்தியும் பேரனும் வந்திருந்தபோது எனக்கு அந்த நாட்டு ஞாபகம் வந்தது. ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கியாயிற்று. "நாமளும் ஏதாவது செய்யலாம் அத்தைப் பாட்டி" என்று இரண்டும் பிடித்துக்கொண்டன.

டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்ட, சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதத்தில் இதயம் பின்னுவார்கள். இன்று இருப்பவற்றில் மிகப் பழையது, குழந்தைக் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860-இல் செய்தது என்கிறார்கள். செய்முறை எளிது, விளக்குவதுதான் கஷ்டம். இரண்டு நிறத் தாள்களையும் தனித்தனியாக மடித்து, திறந்திருக்கும் முனையை அரைவட்டமாக வெட்ட வேண்டும். மடிப்புப் பக்கத்திலிருந்து இரண்டு கீறல் கொடுத்தால் மூன்று பட்டை வரும். தாளின் அகலத்தைவிடக் கீறல் கொஞ்சம் நீளமாக இருந்தால்தான் பின்னல் இறங்கும். பாய் முடைகிற மாதிரி மேலும் கீழும் விட்டால் வராது. ஒரு பட்டையை எதிர்ப் பட்டையின் வயிற்றுக்குள் நுழைக்க வேண்டும், அடுத்ததை இதன் வயிற்றுக்குள் வாங்க வேண்டும். சரியாக வந்தால் வாய் திறந்து பையாகிவிடும். அவர்கள் அதில் பருப்பும் திராட்சையும் போடுவார்கள். நம் ஊரில் மல்லாட்டைக்கு என்ன பஞ்சம்!

ஏழு வயதுப் பேத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் வரிசையை முடித்தாள். "கோயில் மதில் மாதிரியே இருக்கு" என்றாள். காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக, வாஸ்தவம்தான். சின்னவனுக்குப் பின்னல் ஏறவில்லை. பசையைத் தடவி ஒட்டி, அதையும் இதயம் என்றான்.

அந்த நேரத்தில் அவர்கள் அம்மா சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தாள். "சூப்பரா இருக்கே! பத்திரமா வைங்க அத்தை. பின்னாடி பேரும் வருஷமும் எழுதிடுங்க, லேமினேட் பண்ணி வச்சுக்கலாம்."

அதற்கப்புறம் பேத்தியின் கை ஓடவில்லை. பின்னியதைப் பிரித்தாள். கோணல் என்று ஒன்றைக் கசக்கிப் போட்டாள். கடைசியில் என்னிடம் நீட்டி, "நீங்களே பின்னிடுங்க" என்றாள். பத்திரமாக வைக்கப் போகிறார்கள் என்றதும் அது விளையாட்டாக இல்லாமல் பரீட்சைத் தாளாகிவிட்டது. பல வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் 'குழந்தை செய்தது' எல்லாம் முக்கால்வாசி அம்மாவின் கைவேலையாக இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

சின்னவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. மல்லாட்டையை நிரப்பித் தன்னுடையதை ஜன்னல் கம்பியில் மாட்டினான். இந்தப் பகுதியில் குரங்கு இருப்பதை மறந்து யாரும் எதையும் ஜன்னலில் மாட்டமாட்டார்கள். அவனுக்கு ஊர் புதிது. ஐந்து நிமிடத்தில் காகிதம் தூள் தூளாகத் தெருவில் கிடந்தது. நான் கம்பை எடுக்க, அவன் இன்னொரு பிடி மல்லாட்டை கேட்டான், குரங்குக்குக் கொடுக்க.

மலையில் பகவான் ரமணர் ஒரு கைத்தடி செய்த கதையை இங்கே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பலன் கருதாத செயல் எப்படி இருக்கும் என்று வேலூர்க் கல்லூரிப் பண்டிதர் ஒருவர் கேட்டார். பதில் வரவில்லை. மலையேறும் வழியில் கிடந்த முள்கொம்பு ஒன்றை எடுத்து, முள்ளைச் சீவி, கணுக்களை வழித்து, சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து மணிக்கணக்காக வேலை செய்தார் பகவான். பளபளவென்று தடி தயாரானபோது, தன் கோலைத் தொலைத்துவிட்டு வாடிய முகத்தோடு ஓர் ஆட்டுக்காரப் பையன் வந்தான். தடி அவன் கைக்குப் போயிற்று. கொடுத்ததைப் போலவே, கொடுப்பதற்கு முன் அத்தனை நேரம் இழைத்ததும் என்னை யோசிக்க வைக்கிறது. அச்சு வேலையில் மிஞ்சிய தாள்களைத் தைத்துக் குறிப்பேடு செய்தவர் அவர். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், செய்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் எண்ணம் அவரிடம் இல்லை.

ஆண்டர்சனும் கதை சொல்லிக்கொண்டே காகிதத்தைக் கத்தரிப்பார். கதை முடிந்ததும் விரித்துக் காட்டிக் குழந்தையிடம் கொடுத்துவிடுவார். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன என்றால், வாங்கிக்கொண்ட வீடுகள் தூக்கிப் போடவில்லை என்பதுதான் காரணம். ஒன்று ஞாபகப்பொருளா இல்லையா என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்ய முடியும். செய்கிறவரே முன்கூட்டி முடிவு செய்தால் கை நடுங்கும்.

மருமகள் ஆசைப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் சொற்பம். கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது. ஆனால் அவளுக்கு ஒன்று வேண்டுமென்றால் பிள்ளை தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

மறுநாள் விளையாட்டின் விதியை மாற்றினேன். பின்னுவதை எல்லாம் பொழுது சாய்வதற்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். பேத்தி சளைக்காமல் பின்னினாள், கோணல் நேர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு, பால்காரருக்கு, அம்மாவுக்கென்று பையில் ஒன்று. ஆசிரம வாசலுக்கு அருகே பூ விற்கும் அம்மாவுக்கும் ஒன்று போயிற்று. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே விரலை விட்டு, "சில்லறை போட வாட்டமா இருக்கே பாப்பா" என்று ஐந்து ரூபாய்க் காசுகளை அதில் போட்டுக்கொண்டார். பேத்தி அங்கேயே நின்று, இன்னும் கொஞ்சம் பெரிதாக ஒன்று வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.