ஏணியைப் பிடிப்பவரின் பங்கு

காப்பீட்டுத் திட்டம் ஒன்றை ஏற்பாடு செய்வதாலேயே, பிறர் செய்யும் பாவத்துக்கு ஒருவர் உடந்தை ஆவாரா? 2010இல் அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் மாறிய பிறகு இந்தக் கேள்வி அங்குள்ள சமயப் பல்கலைக்கழகங்களைத் துரத்தத் தொடங்கியது. சிகிச்சைச் செலவு கைக்கு எட்டாத அந்த நாட்டில், பெற்றோரின் காப்பீட்டில் 26 வயதுவரை இருக்கலாம். அந்த வசதி இல்லாத மாணவர்கள், பல்கலைக்கழகம் பேசி முடித்துவைக்கும் குழுக் காப்பீட்டில் சேர்வது வழக்கம். புதிய விதிகள் கருத்தடை மாத்திரைகளையும் சாதனங்களையும் தனிக் கட்டணமின்றி அதில் சேர்க்கச் சொல்லின. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட சுற்றுமடலோ செயற்கைக் கருத்தடையைத் தவறென்று அறிவித்திருந்தது.

இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து மாணவர் காப்பீடு அப்போது கருத்தடைக்காக மாத்திரை வழங்கவில்லை. நோய்க்கென்றால் தரலாம் என்றது. ஏட்டில் இருந்த விலக்கு நடைமுறையில் என்ன ஆனது என்பதை அங்குச் சட்டம் படித்த சாண்ட்ரா ஃப்ளூக் 2012 பிப்ரவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் சொன்னார். அவருடைய தோழிக்குச் சினைப்பை நீர்க்கட்டி. அதற்கு மருந்தாக அதே மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தும், உண்மையில் கருத்தடைக்காகத்தானோ என்ற ஐயத்தில் கோரிக்கை திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது. கைக்காசு தீர்ந்ததும் மாத்திரையை நிறுத்தினார். கட்டி டென்னிஸ் பந்தளவு வளர்ந்து, சினைப்பையையே அகற்ற வேண்டியதாயிற்று.

துணைபோதல் பற்றிக் கத்தோலிக்க அறநெறியியல் நெடுங்காலம் வாதாடியிருக்கிறது. பெண்ணைக் கெடுக்கப் போகும் எசமானுக்குத் தெரிந்தே ஏணி பிடிக்கும் வேலைக்காரன், வேலை போய்விடும் என்ற அச்சத்தால் செய்திருந்தால் குற்றமற்றவனா? ஆம் என்ற கருத்தைத் திருத்தந்தை பதினொன்றாம் இன்னசென்ட் 1679இல் கண்டித்தார். அடுத்த நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி இதை நுணுக்கமாக வகுத்தார். தீயவனின் எண்ணத்தில் பங்குகொள்வது எந்நிலையிலும் தவறு. எண்ணத்தில் பங்கில்லாமல் செயலுக்கு மட்டும் உதவ நேர்ந்தால், அந்த உதவி எவ்வளவு தொலைவானது, அதற்குத் தகுந்த காரணம் உண்டா என்று எடைபோட வேண்டும்.

இந்தத் தராசில் பல்கலைக்கழகம் எங்கே நிற்கிறது? மாணவர் காப்பீட்டில் பிரீமியம் பெரும்பாலும் மாணவர் கையிலிருந்தே வருகிறது. மாத்திரை வேண்டுமா என்று முடிவெடுப்பவர் மாணவி, எழுதித் தருபவர் மருத்துவர், பணம் கட்டுவது காப்பீட்டு நிறுவனம். இத்தனை பேரைத் தாண்டி நிற்கும் நிர்வாகத்தின் பங்கு மெலிந்ததுதான். ஆனாலும் ஒப்பந்தத்தைப் பேசி முடித்தது நிர்வாகமே என்பதால் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சமய நிறுவனங்கள் தங்களுக்கு ஆட்சேபம் உண்டென்று ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் போதும், மற்றதைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று அரசு இறங்கி வந்தது. அந்தக் கையெழுத்தே உடந்தை என்று வழக்காடியது கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்டர் டேம். 2014இல் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் இதை ஏற்கவில்லை. போரை எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்து, படையில் சேர மறுக்கும் ஒருவர், தம் மறுப்பால் இன்னொருவர் அழைக்கப்படுவார் என்பதால் மறுப்பைத் தெரிவிப்பதே தமக்குப் பாவம் என்று வாதிட முடியுமா என்று கேட்டார். கூர்மையான கேள்விதான், ஆனால் எது பாவம் என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலையா என்ற எதிர்க்கேள்வியும் லேசானதல்ல.

இல்லினாய் மாநிலத்து எவாஞ்சலிக்கக் கல்லூரியான வீட்டன், கருவுற்றபின் வேலை செய்வதாகத் தான் நம்பிய மருந்துகளை மட்டுமே எதிர்த்தது. 2015 ஜூலையில், புதிய கல்வியாண்டு நெருங்கிய வேளையில், அது மாணவர் காப்பீட்டையே கைவிட்டது. ஏறத்தாழக் கால்வாசி மாணவர்கள் வேறு காப்பீடு தேட வேண்டியதாயிற்று. கணக்கு இடறுவது இங்கேதான். பிறர் செயலில் தன் பங்கை இழையிழையாக அளந்த நிர்வாகம், தன் முடிவால் ஆஸ்துமா மருந்துக்கும் எலும்பு முறிவுக்கும் வழி தேடி நின்றவர்களை அதே தராசில் வைத்ததாகத் தெரியவில்லை. லிகோரியின் வகுப்போ விலகுவதன் விளைவையும் எடைபோடச் சொல்கிறது.

2017இல் புதிய அரசு முழு விலக்கு அளித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. இதற்கிடையில், விலக்கு கையில் இருந்தும், நோட்டர் டேம் 2018இல் சாதாரணக் கருத்தடை மாத்திரைகளைத் தன் திட்டத்திலேயே சேர்க்க முடிவு செய்தது. கருவைக் கலைப்பதாகத் தான் கருதியவற்றை மட்டும் ஒதுக்கியது. வளாகத்தில் பல நம்பிக்கையினர் இருக்கிறார்கள் என்பது தலைவர் சொன்ன காரணம். கருத்தடை பற்றிய திருச்சபைப் போதனையும் காப்பீட்டில் சேர்வோருக்குக் கூடவே அனுப்பப்படும் என்றார்.