கண் திறந்திருக்கும்போதே வரும் உறக்கம்

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூக்கம் அதைக் குறைக்கிறது. தூக்கம் போதாவிட்டால் மிச்சம் மறுநாளுக்கும் தொடர்கிறது. காபியில் உள்ள கஃபீன், அடினோசின் சென்று ஒட்டும் இடங்களை மறித்து நிற்குமே தவிர, சேர்ந்ததைக் குறைப்பதில்லை. காபியின் வேகம் இறங்கியதும் அசதி மொத்தமாக அழுத்துவது அதனால்தான்.

முதலில் அடிபடுவது கவனம். படித்த வரியையே மறுபடி படிப்பது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, சின்னச் சொல்லுக்கும் எரிந்து விழுவது எல்லாம் தூக்கக் குறைவின் அடையாளங்கள். 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 14 நாட்கள் தினமும் 6 மணி நேரமே படுக்க அனுமதிக்கப்பட்டவர்கள், கவனச் சோதனைகளில் இரவெல்லாம் கண்மூடாதவர்களைப் போலத் தடுமாறினார்கள். கவலை தருவது இதுதான்: தங்களுக்குப் பெரிதாகத் தூக்கக் கலக்கம் இல்லை என்றே அவர்கள் கருதினார்கள்.

பற்றாக்குறை மேலும் ஏறினால் நுண்ணுறக்கம் வருகிறது. சில நொடிகள்தான், கண் திறந்தே இருக்கலாம், மூளை எதையும் பதிவு செய்யாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் லாரி 4 நொடியில் ஏறத்தாழ 90 மீட்டர் கடந்துவிடும். அத்தனை தூரமும் அது ஓட்டுநர் இல்லாத வண்டி. பின்னிரவு 2 மணிக்கு மேல் விடியும்வரை உடலின் விழிப்பு இயல்பாகவே தாழ்ந்திருப்பதால் ஆபத்து அப்போது அதிகம். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் வெகுநேரம் உதவாது. வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்கினால் ஓரளவு தெளிவு வரும். எழுந்தவுடன் இருக்கும் மந்தம் நீங்கிய பிறகே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும்.